திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். இப்போது வருகிற தமிழ்ப் படங்களில் கதை இல்லை, பழைய பாட்டைப் போட்டு, பழைய சைக்கிளையும் ரேடியோ பெட்டியையும் காட்டி, நம்மை அழவைத்துக் காசு பார்க்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று. அவர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 64. பிறந்து வளர்ந்தது இங்கிருந்து சில மைல் உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். பள்ளிக்கூடத்தை விட்டபின் கொஞ்ச நாள் அம்மாவோடு போய் ஒட்டுப்பால், அதாவது மரத்தில் உறைந்து ஒட்டிய ரப்பர் பால், பொறுக்கினேன். அப்புறம் தோட்டத்திலேயே தைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் தொழில் பழகினேன். 45 வருடமாக மிஷினை மிதிக்கிறேன். சினிமாவில் யார் எதை உடுத்தினாலும் அது சீக்கிரமே என் கடைக்கு வந்து சேர்ந்துவிடும். 1985இல் நதியா தமிழில் நடிக்க வந்தபோது எத்தனை பெண்கள் பத்திரிகைப் படத்தைக் கத்தரித்து மடித்துக் கொண்டுவந்து, அக்கா, இந்தக் கழுத்து, இந்தக் கை என்று காட்டினார்கள் தெரியுமா? சினிமாவை நான் துணி வழியாகப் பார்த்தே பழகியவள். அந்த வழியாகத்தான் இதையும் சொல்ல முடியும்.

2018 அக்டோபரில் என் மகள் என்னை ஈப்போவுக்கு அழைத்துப்போய் ‘96’ காட்டினாள். தஞ்சாவூரில் 1996ஆம் வருடம் ஒன்றாகப் படித்தவர்கள் 22 வருடம் கழித்துக் கூடுகிற கதை. எனக்கும் தஞ்சாவூருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் தாத்தா சேலம் பக்கம் என்று சொல்வார்கள், அதையும் நான் பார்த்ததில்லை. படத்தில் வருகிற மாதிரி பெரிய பள்ளிக்கூடத்தில் நான் படித்ததும் இல்லை. அப்படியிருந்தும், இருட்டில் அந்தப் பெண் ‘யமுனை ஆற்றிலே’ என்று பாடத் தொடங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். காதலை நினைத்து அம்மா அழுகிறாள் என்று நினைத்திருப்பாள்.

நான் அழுதது ஒரு ரவிக்கைக்காக.

அந்தப் பாட்டு ‘தளபதி’ படத்தில் வந்தது. படம் 1991 தீபாவளிக்கு வெளியானது. தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் தையற்காரிக்கு இரவும் கிடையாது, பகலும் கிடையாது. கேசட் ஓடிக்கொண்டே இருக்கும், கால் மிதித்துக்கொண்டே இருக்கும். அந்த வருடம் அந்தப் பாட்டுத்தான் திரும்பத் திரும்ப ஓடியது. அம்மா ஒரு ஊதா ரவிக்கைத் துணியும் அளவு ரவிக்கையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வெளி ஆட்களின் துணியை முதலில் முடிப்போம், அம்மாவுடையதுதானே, கடைசியில் தைத்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்தேன். தீபாவளி அன்று காலை வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அம்மா பழைய ரவிக்கையோடு கோயிலுக்குப் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தோட்டத்தில் எங்களுக்குக் கடைசி தீபாவளி. அடுத்த வருடம் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டார்கள், நாங்கள் குடியிருந்த லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

‘96’ எடுத்தவருக்கு என் அம்மாவின் ஊதா ரவிக்கை தெரியுமா? தெரியாது. அவர் செய்தது ஒன்றுதான். அந்தப் பாட்டை அவசரப்பட்டுக் கொட்டிவிடவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் கேட்கிறான், அவள் பாடாமல் இருக்கிறாள். பார்க்கிற நமக்கும் அந்தப் பாட்டு கடன்பட்ட மாதிரி ஆகிவிடுகிறது. கடைசியில் மின்சாரம் போன அறையில், வாத்தியம் எதுவும் இல்லாமல் அவள் பாடும்போது, அவரவர் 1991 அவரவருக்கு வந்துவிடுகிறது. பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கு வேறு ஏதாவது வந்திருக்கும். இதை ஏமாற்று வேலை என்று அந்த வாசகர் சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அது ஒரு தொழில் சுத்தம். (‘96’ வந்த வருடம் தீபாவளி நவம்பர் 6. அதற்குள் ‘96’ கதாநாயகியின் மஞ்சள் குர்த்தாவைக் கேட்டு மூன்று பெண்கள் வந்தார்கள். மூன்றையும் நேரத்தோடு முடித்துக் கொடுத்தேன்.)

வாசகர் சொன்னதில் சரியான பாதியையும் சொல்லிவிடுகிறேன். கதைக்கும் ஆளுக்கும் ஒட்டாமல், சண்டைக்கு நடுவில் திடீரென்று ஒரு பழைய பாட்டைத் தூக்கிப் போட்டுக் கைதட்டு வாங்குகிற படங்கள் இப்போது நிறைய. தைத்த துணியில் ஒட்டுப்போட்டது போல அது துருத்திக்கொண்டு நிற்கும். ஒட்டுப்போடுவதும் ஒரு வேலைதான், ஆனால் அடித் துணி ஒத்துக்கொள்ள வேண்டும். 2024இல் வந்த ‘லப்பர் பந்து’ படத்தில் அது ஒத்துக்கொண்டது. அதில் வருகிற கிரிக்கெட் ஆட்டக்காரர் விஜயகாந்த் ரசிகர். அவர் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது 1989இல் வந்த விஜயகாந்த் படப் பாட்டு ஒலிக்கிறது. அது அந்த மனிதனின் பாட்டு, இயக்குநர் கொண்டுவந்து ஒட்டியது போல இல்லை. அதோடு, விஜயகாந்த் 2023 டிசம்பரில்தான் காலமாகியிருந்தார். தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் அவர் படத்தைப் பார்த்து, கூரைத் தகரம் அதிரச் சுவரை உதைத்துப் பழகியிருக்கிறார்கள்! துக்கம் ஆறுவதற்குள் அந்தப் பாட்டு வந்தது. என் தம்பி தியேட்டரில் எழுந்தே நின்றுவிட்டான்.

‘சுப்ரமணியபுரம்’ பார்த்தபோது (அது 2008) எனக்குக் காலர்தான் கண்ணில் பட்டது. கதை 1980இல் மதுரையில் நடக்கிறது. அந்தக் காலத்துச் சட்டைக் காலர் அகலமாக, முனை நீண்டு இருக்கும். பெல்பாட்டம் முட்டிக்குக் கீழே விரியும். அதை அவர்கள் சரியாகப் பிடித்திருந்தார்கள். என் அண்ணனுக்கு நான் தைத்த முதல் பெல்பாட்டம் அப்படித்தான் இருந்தது. காலர் சரியாக இருந்ததால் அந்தப் பையன்கள் செய்த மற்றதையெல்லாம் நான் நம்பினேன். பழைய நாளைக் காட்டுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஒரு பொருளைச் சரியாக வையுங்கள், பார்க்கிறவர்கள் மீதியைத் தாங்களே கொண்டுவந்து சேர்த்துக்கொள்வார்கள்.

நம் நாட்டில் எடுக்கிற தொலைக்காட்சி நாடகம் ஒன்றில் ஒரு பால்வெட்டுக்காரப் பெண்ணைக் காட்டினார்கள். கஞ்சி போட்ட சேலை, பொருத்தமான ரவிக்கை, தலையில் சுத்தமான வெள்ளைத் துண்டு. எனக்கு மனசு ஆறவில்லை. என் அம்மா வெளிக்காட்டுக்கு, அதாவது மரம் சீவுகிற இடத்துக்குப் போகும்போது அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை ரவிக்கைமேல் போட்டுப் பொத்தானை இறுக்கிக்கொள்வார், கொசுவுக்காக. ரப்பர் பால் சொட்டிச் சொட்டி அந்தச் சட்டையின் முன்பக்கம் கறுத்து, புண்ணில் பொருக்குக் கட்டியது போல இருக்கும். எத்தனை துவைத்தாலும் போகாது. சின்ன வயதில் அதை உரித்து உருட்டிப் பந்து செய்வேன். துணி பாலால் தடித்துக் கனத்துவிடும். கிழிந்தால் ஊசி இறங்காது. அதைத் தைத்த கைக்குத் தெரியும். அந்த வாடையும் வீட்டை விட்டுப் போகாது. அந்தச் சட்டையை ஒரு படத்தில் காட்டினால், தோட்டத்தில் பிறந்தவர்கள் இந்த நாட்டில் எந்த ஊரில் உட்கார்ந்து பார்த்தாலும் அப்படியே நிமிர்ந்து உட்கார்வார்கள்.

மழையும் அப்படித்தான். தமிழ்நாட்டுப் படங்களில் பழைய நினைவு என்றால் மழை வந்துவிடும், பாட்டும் வந்துவிடும். எனக்கும் பிடிக்கும். ஆனால் எங்கள் லயத்தில் விடியற்காலை தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து உட்கார்ந்து இருட்டில் கணக்குப் போடுவார். பட்டை நனைந்தால் மரம் சீவ முடியாது. வேலை இல்லை, சம்பளமும் இல்லை. பிள்ளைகளுக்கு மட்டும் சந்தோஷம், அம்மா அன்று வீட்டில் இருப்பார் என்று. ஒரே மழை, ஒரே வீடு. இந்த இரண்டையும் சேர்த்துக் காட்டுகிற படம் எனக்கு வேண்டும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை நான் யாரிடமும் எழுத்தில் சொன்னதில்லை.

தோட்டத்தில் சம்பளம் போட்ட வாரம் திடலில் படம் காட்டுவார்கள். வேனில் படக்காரர் வருவார். ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டுபோய்த் தூரத்தில் வைப்பார்கள், ஆனாலும் அதன் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைத் துணி. அந்தத் திரையைத் தைத்தது நான் தொழில் பழகிய அதே அம்மாதான். நான்கு அகலம் சேர்த்துத் தைத்தது. மூன்று தையல் கோடும் மேலிருந்து கீழே தெரியும். சரோஜாதேவி முகத்தில் எப்போதும் ஒரு கோடு ஓடும். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து டார்ச்லைட் அடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக நடந்து வருவார்கள். காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே என்கிற வறுத்த கடலை. ரீல் மாற்றுகிற நேரத்தில் பையன்கள் வெளிச்சத்தில் கையை நீட்டி நாய், மான் என்று நிழல் காட்டுவார்கள்.

நாங்கள் உட்கார்ந்தது திரைக்குப் பின்னால். துணித் திரைதானே, படம் அந்தப் பக்கமும் தெரியும். எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும், அவ்வளவுதான். கதாநாயகன் இடது கையால் குத்துவார். படத்தின் பெயரைப் படிக்க முடியாது, எழுத்தெல்லாம் திரும்பி நிற்கும். கதாநாயகியின் முந்தானை வலது தோளில் கிடக்கும். சினிமாக்காரப் பெண்கள் அப்படித்தான் சேலை கட்டுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவின் துண்டை எடுத்து வலது தோளில் போட்டுக்கொண்டு லயத்து வாசலில் ஆடி அடி வாங்கியிருக்கிறேன். பதினோரு வயதில் அப்பா முதன்முறையாக டவுன் தியேட்டருக்கு அழைத்துப்போனார். படம் ஆரம்பித்ததும், அப்பா, இங்கே முந்தானையைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றேன். அப்பா சிரித்துவிட்டு, இவ்வளவு நாள் நீ பின்னாலிருந்து பார்த்தாயம்மா என்றார்.

எத்தனையோ வருடம் இதை ஒரு சிரிப்புக் கதையாகத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ‘96’ பார்த்துவிட்டு ஈப்போவிலிருந்து காரில் திரும்புகிறபோதுதான், இருட்டில் சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தபோது, ஒரு கேள்வி வந்தது. நாங்கள் ஏன் பின்னால் உட்கார்ந்தோம்?

முன்னால் மானேஜர் குடும்பத்துக்கு நாற்காலி. கிராணிமார்கள் (ஆபீஸ் குமாஸ்தாக்கள்), தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் இவர்களுக்கு அடுத்த வரிசை. வேலையை மேற்பார்க்கிற மண்டோர், கங்காணி வீட்டாருக்குப் பெஞ்சு. அதற்குப் பின்னால் பாய். அம்மா மூன்றரைக்கு எழுந்தவர், சமையலை முடித்துவிட்டு வருவதற்குள் பாய் போட இடம் இருக்காது. ஆனாலும் பெஞ்சுப் பக்கம் ஓரமாக இடம் இருந்த நாள்களும் உண்டு. அங்கே போகக்கூடாது என்று யாரும் பலகை எழுதி வைக்கவில்லை. அப்பா போகமாட்டார். எங்களையும் போகவிடமாட்டார். கையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். அது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று கேட்க இப்போது அவர் இல்லை.

இதனால் அந்த இரவுகளின் இனிப்புக் குறைந்துவிடவில்லை, ஆசிரியரே. அதைத்தான் சொல்ல வருகிறேன். அந்தத் தலைகீழ் முந்தானையை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. காரணம் தெரிந்த பிறகு அப்பா கையின் சூடும் சேர்ந்து ஞாபகம் வருகிறது. இனிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிடுகிற படம் என் நினைவில் பாதியை வெட்டி எறிகிறது. அந்த வாசகர் கோபப்பட வேண்டியது இதற்குத்தான், பழைய பாட்டுக்கு அல்ல.

நம் ஆட்கள் இதைச் செய்யாமல் இல்லை. 2005இல் தீபக் குமரன் மேனன் எடுத்த ‘செம்மண் சாலை’ ரப்பர் தோட்டத்துக் குடும்பத்தைக் காட்டியது. 2015இல் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ வந்தது. தோட்டத்தை விட்டு வெளியே தள்ளப்பட்ட குடும்பத்துச் சின்னப் பையனின் கதை, 1990களில் நடக்கிறது. மறு வருடம் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது அதற்குக் கிடைத்தது. அதைப் பார்த்தபோது, என் கடைக்குப் பள்ளிச் சீருடை அளவு கொடுக்க வந்து, இரண்டு வருடம் கழித்து வேறு மாதிரி ஆகிப்போன பையன்களின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. அந்தப் படம் எனக்கு இனிப்பு ஒன்றும் தரவில்லை. ஆனாலும் அது என்னுடையது என்று தோன்றியது. 2016இல் ‘கபாலி’ வந்தபோது ஊரே போய்ப் பார்த்தது. ரஜினிக்காகப் போனோம். ஆனால் தோட்டத் தொழிலாளர் கூலிக்காகப் பேசுகிற பழைய காலத்துக் காட்சிகள் வந்தபோது தியேட்டரில் பெரியவர்கள் அமைதியாகிவிட்டார்கள். கோட்டு உடுத்துவதில் என்ன இருக்கிறது என்றும் அந்தப் படம் பேசியது. கோட்டுத் தைக்கக் கொடுக்கிற தோட்டத்துப் பையன் அளவு கொடுக்கும்போது எப்படி நிமிர்ந்து நிற்பான் என்று எனக்குத் தெரியும். அதைத் தையற்காரிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதற்கப்புறம்? எடுக்க வேண்டிய கதை இன்னும் எத்தனையோ இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி (நம் நாட்டுப் பணம்) சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். பத்து வெள்ளியை எடுத்து வைக்க ஒரு வீட்டில் எதையெல்லாம் நிறுத்தினார்கள் என்பதே ஒரு படம். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை பெர்மிட் இல்லாமல் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அப்போது என் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அவளை எந்தப் பள்ளிச் சந்திப்பில் நான் தேடுவது? அதுவும் ஒரு படம். வாட்ஸ்அப் குழுவில் சேர்க்க என்னிடம் அவள் எண் இல்லை.

என் மகன் 1988இல் பிறந்தவன், தாமானில் (டவுன் குடியிருப்பில்) வளர்ந்தவன். 2024இல் ‘கில்லி’ இருபது வருடம் கழித்துத் திரும்ப வெளியானபோது, தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் பையன்கள் ஆடுகிற வீடியோவை என்னிடம் காட்டினான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய விசிடி, ஒரே வீட்டில் பன்னிரண்டு பையன்கள், தரையில் படுத்துக்கொண்டு பார்த்தது எல்லாம் அவனுக்கு வந்துவிட்டது. அவனுக்கு நினைவு தோட்டம் இல்லை, தாமான்தான். அவன் பிள்ளைகளுக்கு எதுவாக இருக்குமோ. அதனால்தான் அவசரம் என்கிறேன். திரைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களில் நான் சின்னவள், எனக்கே 64.

போன மாதம் கோலாகங்சார் போயிருந்தேன். 1877இல் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. வேலி போட்டு, பெயர்ப் பலகை வைத்து, பார்க்க ஆட்கள் வருகிறார்கள். நல்லதுதான். திரும்பும்போது வழியில் எங்கள் தோட்டம் இருந்த பக்கம் காரை நிறுத்தச் சொன்னேன். செம்பனைக்கு நடுவே கோயில் மட்டும் இருக்கிறது. திடல் எந்தப் பக்கம் என்று எனக்கே சட்டென்று சொல்ல வரவில்லை.

உங்கள் பத்திரிகையைப் படம் எடுக்கிற இளைஞர்களும் படிக்கிறார்கள். அவர்களில் யாராவது இந்தத் திடலை எடுக்க நினைத்தால் சுங்கை சிப்புட்டுக்கு வாருங்கள், தையல் கடை அம்மா என்று கேளுங்கள். அம்மாவின் வெளிக்காட்டுச் சட்டையை நான் எறியவில்லை. எந்தப் பக்கம் பொருக்கு இருக்க வேண்டும், முழுக்கையை எங்கே மடித்துவிட வேண்டும் என்று காட்டுகிறேன். நாற்காலி எங்கே, பெஞ்சு எங்கே, பாய் எங்கே, நாங்கள் எங்கே என்று கோடு போட்டுத் தருகிறேன். திரையையும் நானே தைத்துத் தருகிறேன், காசு வேண்டாம். நான்கு அகலம், மூன்று தையல். கேமராவை மட்டும் ஒரு தடவையாவது பின்பக்கம் கொண்டுபோய் வையுங்கள்.

இப்படிக்கு,
தையல் கடை அம்மா,
சுங்கை சிப்புட், பேராக்.